கொடிக்கம்பத்தடியில் ஒரு கருந்துளை

பயப்படுவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. குக்கர் மூடியைத் திறக்க இன்றைக்கும் கணவரைத்தான் கூப்பிடுகிறேன். பிசிக்ஸ் படித்தவள் அழுத்தத்துக்குப் பயப்படலாமா என்று அவர் கேலி செய்வார். படித்ததனால்தான் பயம் என்று நானும் விடாமல் சொல்வேன். திருச்சி ரோட்டில் ஒரு பஸ் இன்னொரு பஸ்ஸை முந்தினால் கண்ணை இறுக்க மூடிக்கொள்வேன். நாய், பல்லி, மேலதிகாரிகளின் ஆய்வு, மாடிப்படியில் ஓடும் பிள்ளைகள் என்று என் பட்டியல் பெரிது. இத்தனைக்கும் பயந்தவள், நிஜமாகவே பயப்பட வேண்டிய ஒரு பிற்பகலில் துளியும் பயமில்லாமல் நின்றிருந்தேன். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை நான். பதினாறு வருடம் கீரனூர்ப் பக்கம் வேலை பார்த்துவிட்டு, அந்த வருடம்தான் மாறுதல் வாங்கி, வல்லத்திராக்கோட்டையையும் தாண்டி உள்ள ஒரு ஊருக்கு வந்திருந்தேன். வீடு புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில். டவுன் பஸ்ஸில் ஏறி, பஸ் ஸ்டாண்டில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்தால் பள்ளிக்கூட வாசலிலேயே இறக்கிவிடுவார்கள். சுற்றிலும் கடலைக்கொல்லை, அதற்கு அப்பால் தைலமரக் காடு. கட்டடங்கள் சுமார்தான், ஆனால் மைதானம் மட்டும் தாராளமாக இருக்கும். அதன் நடுவில் கொடிக்கம்பம். கம்பத்தைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு ஒரு சிமெண்டுத் திட்டு.

எல்லாம் ஒரு கேள்வியில் ஆரம்பித்தது. பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பெண், செல்போனில் எதையாவது படித்துவிட்டு வந்து என்னைக் குடைகிறவள். விண்வெளியில் நிறுத்தியிருக்கும் புதிய தொலைநோக்கி ஆதிகாலத்துப் பிரபஞ்சத்தில் பெரிய பெரிய கருந்துளைகளைப் பார்த்திருக்கிறது என்று எங்கோ படித்திருக்கிறாள்.

"டீச்சர், பெரிய நட்சத்திரம் செத்தாத்தான் கருந்துளை வரும்னு சொன்னீங்க. நட்சத்திரமே இப்பத்தான் பொறந்துக்கிட்டு இருக்குங்கிற காலத்துல அம்புட்டுப் பெரிய கருந்துளை எங்கிட்டிருந்து வந்துச்சு?"

எனக்குத் தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டு வீட்டுக்கு வந்து படித்தேன். இரண்டு சாயங்காலம் படித்தேன்.

யாருக்கும் இன்னும் உறுதியாகத் தெரியாது என்பதுதான் முதல் விஷயம். மூன்று வழிகளைச் சொல்கிறார்கள். முதன்முதலில் பிறந்த நட்சத்திரங்கள் ராட்சச உருவத்தில் இருந்தன, அவசரமாக எரிந்து அவசரமாகச் செத்தன, அவை விட்டுப்போன கருந்துளைகள் சுற்றியிருந்ததை எல்லாம் தின்று பெருத்தன என்பது ஒன்று. ஆனால் அந்த அளவுக்குப் பெருக்க நேரம் போதாது. நட்சத்திரமாக உடையாமலே ஒரு பெரிய வாயுமேகம் மொத்தமாகத் தன்மேலேயே சரிந்து விழுந்திருக்கலாம் என்பது இரண்டாவது. மூன்றாவதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. பிரபஞ்சம் பிறந்து ஒரு விநாடிகூட ஆகவில்லை. அணு என்று ஒன்று கிடையாது. எங்கு பார்த்தாலும் ஒரே சூடு, ஏறக்குறைய ஒரே நெரிசல். அதில் சில இடங்களில் மட்டும் மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் கூடுதலாக நெருங்கிக் கிடந்திருக்கிறது. ஈர்ப்பு உள்ளே இழுக்கிறது. அழுத்தம் வெளியே தள்ளுகிறது. பிரபஞ்சமோ எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி விரித்துக்கொண்டே போகிறது. பெரும்பாலான இடங்களில் விலக்கல்தான் ஜெயிக்கும். நெருக்கம் ஒரு வரம்பைத் தாண்டிவிட்ட இடத்தில் மட்டும் ஈர்ப்பு ஜெயித்துவிடும். அந்த இடம் அப்படியே தனக்குள் விழுந்து மூடிக்கொள்ளும்.

நட்சத்திரம் எதுவும் பிறக்கவில்லை, எதுவும் சாகவில்லை. ஒரு இடத்தில் கூட்டம் கொஞ்சம் கூடிப்போயிற்று, அவ்வளவுதான். எல்லாம் சமமாக இருப்பதுபோல் தெரியும்போதே ஒரு இடம் மட்டும் இப்படி முடிவு கட்டிவிட்டிருக்கும் என்பது எனக்குப் பயமாக இருந்தது. கணவரிடம் சொன்னேன். "ஒரு விநாடிகூட வயசாகாத பிரபஞ்சத்துக்கும் நீ பயந்தாச்சா?" என்று சிரித்தார்.

அந்தப் பயத்தைப் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் காட்டிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதுதான் என் குற்றத்தின் ஆரம்பம். கரும்பலகையில் வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, ஒரு பீரியட் முழுக்கப் பேசினேன். கேள்வி கேட்டவளைத் தவிர மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியட் அறிவியல் மன்றத்துக்கு. பதினொன்றும் பன்னிரண்டும் சேர்த்து அறுபது பிள்ளைகள். இவர்களையே பிரபஞ்சமாக்கிக் காட்டுகிறேன் பார் என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

இதற்கு விசில் வேண்டும். எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர் அன்றைக்கு கோ-கோ டீமை அழைத்துக்கொண்டு போட்டிக்குப் போயிருந்தார். அவருடைய விசில் ஸ்டாஃப் ரூம் மேசை டிராயரில் கிடந்தது. எடுத்துக் கழுவிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

அந்தப் பள்ளியில் விசிலுக்கு ஒரு சட்டம் இருந்தது. இரண்டு குட்டை விசில் ஊதினால் கலைந்து போகலாம். ஒரே ஒரு நீள விசில் ஊதினால், எந்த வகுப்புப் பிள்ளையாக இருந்தாலும், வெளியே எங்கே நின்றாலும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வந்து கொடிக்கம்பத்தைத் தொட வேண்டும். கடைசியாகத் தொடுகிறவன் மைதானத்தை மூன்று ரவுண்டு ஓட வேண்டும். உடற்பயிற்சி ஆசிரியர் நல்ல மனிதர்தான், ஒழுங்கில் மட்டும் கறார். அவர் ஊதினால் பிள்ளைகள் பறந்து வருவதைத் தினமும் காலையில் நானே பார்த்து ரசித்திருக்கிறேன். ஆனால் நான் பதினாறு வருடம் வேலை பார்த்த பள்ளியில் நீள விசில் என்றால் "போதும், நில்" என்று அர்த்தம். புதிய பள்ளிக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மண்டைக்குத் தெரிந்தது உடம்புக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

பிள்ளைகளை மைதானத்தில் கைக்கெட்டும் தூரம் விட்டு விட்டுப் பரவலாக நிறுத்தினேன். விதி சுலபம். நான் கை தட்டினால் எல்லோரும் கொடிக்கம்பத்துக்கு முதுகைக் காட்டி ஒரு அடி வெளியே போக வேண்டும். அது பிரபஞ்சத்தின் விரிவு. குட்டையாக விசில் ஊதினால், தன்னைச் சுற்றி எந்தப் பக்கம் ஆள் அதிகமோ அந்தப் பக்கம் ஒரு அடி வைக்க வேண்டும். அது ஈர்ப்பு. கம்பத்துக்குப் பக்கத்தில் உயரமான பையன்கள் ஐந்து பேரை மட்டும் நெருக்கமாக நிற்க வைத்தேன். கொஞ்சம் கூடுதல் நெரிசல்.

முதல் சுற்றுகள் அழகாக நடந்தன. கை தட்டினேன், விசில் ஊதினேன், கை தட்டினேன். அங்கங்கே நாலு பேர் ஐந்து பேர் கூடினார்கள், அடுத்த தட்டலில் கலைந்தார்கள். கம்பத்தடிக் கூட்டம் மட்டும் கலையாமல் இருந்தது, ஆனால் பெருக்கவும் இல்லை. கேள்வி கேட்ட பெண் ஓரத்தில் நோட்டும் பேனாவுமாக நின்று எண்ணிக் கொண்டிருந்தாள். "விரிவுதான் ஜெயிக்குது டீச்சர்!" என்று கத்தினாள். மணியைப் பார்த்தேன். வீட்டு மணிக்கு இன்னும் இருபது நிமிடம்தான். இப்படியே போனால் கருந்துளை வராமலே பெல் அடித்துவிடும்.

அதனால் விரிவை நிறுத்தினேன். இனிமேல் கைதட்டல் கிடையாது, விசில் மட்டும்தான் என்று அறிவித்தேன். நேரமில்லை என்ற காரணத்துக்காக.

நான்கு விசிலில் எல்லாம் மாறிவிட்டது. ஓரத்துக் கூட்டங்கள் கரைந்து கம்பத்தடிக் கூட்டத்தில் போய்ச் சேர்ந்தன. ஐந்தாவது விசிலில் அறுபது பேரும் ஒரே கொத்து. ஆறாவதை நான் ஊதியிருக்கவே கூடாது. பையன்கள் உற்சாகத்தில் "ஏய், தள்ளு தள்ளு" என்று கத்தினார்கள். மாட்டுப்பொங்கல் கூட்டத்தில் முண்டியடிக்கிற பழக்கம் கையிலும் தோளிலும் இருக்கிறது, ஒரே சிரிப்பு. நானும் சிரித்துக் கொண்டிருந்தேன். பார்த்தாயா, பாடம் புரிகிறதா என்று பெருமை வேறு.

அப்புறம் அந்தச் சிரிப்பின் சத்தம் மாறியது. வெளிவட்டத்தில் இன்னும் சிரிப்புத்தான், நடுவிலிருந்துதான் வேறு மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஒரு பையனுடைய இரண்டு கையும் தலைக்கு மேலே நீட்டி நின்றன. அவனால் அவற்றைக் கீழே இறக்க முடியவில்லை. வாயைத் திறந்திருந்தான், சத்தம் வரவில்லை. "போதும், பின்னால போங்க" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

விசிலை வாயில் வைத்து, மூச்சு இருக்கும்வரை, நீளமாக ஊதினேன்.

ஒரு கணம் எல்லாம் நின்றதுபோல் இருந்தது. பிறகு எனக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு, விளையாட்டுப் பீரியடில் மரத்தடியில் இருந்த பிள்ளைகள், தண்ணீர்க் குழாயடியில் இருந்த பிள்ளைகள், வராந்தாவில் நின்றவர்கள், எல்லோரும் கொடிக்கம்பத்தை நோக்கி ஓடி வந்தார்கள். கடைசியாக வந்துவிடக் கூடாதே என்ற பயம் ஒவ்வொரு முகத்திலும் தெரிந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நிறுத்த வேண்டும், நிறுத்த வேண்டும் என்ற ஒன்றைத் தவிர தலையில் எதுவும் இல்லை. மறுபடி ஊதினேன். அவர்கள் இன்னும் வேகமாக ஓடினார்கள். மறுபடி ஊதினேன். நான் பயந்து ஊத ஊத, அவர்கள் பயந்து ஓடி வந்து மோதினார்கள்.

இந்தப் பக்கம் பெரிய பிள்ளைகளின் கொத்து, அந்தப் பக்கம் கம்பத்தைத் தொட வரும் சின்னப் பிள்ளைகள், நடுவில் சிமெண்டுத் திட்டு. பின்னால் வருகிறவனுக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது. முன்னால் இருக்கிறவள் கத்துவது பின்னால் கேட்காது. சேதி போய்ச் சேருவதற்குள் இடம் மூடிக்கொண்டுவிடும். இரண்டு நாள் முன்பு இதையே நான் கரும்பலகையில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன்.

பிள்ளைகளின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். ஒருத்தியை இழுத்தால் அந்த இடத்தில் இரண்டு பேர் நுழைந்தார்கள். என் வளையல் உடைந்து கையைக் கிழித்தது. கடவுளே, கடவுளே என்று நான் சொல்லிக் கொண்டிருந்ததாகப் பிற்பாடு சொன்னார்கள்.

பிள்ளைகளைக் காப்பாற்றியது நானல்ல. சத்துணவுக் கூடத்தில் அண்டா கழுவிக் கொண்டிருந்த சமையல்கார அக்கா. அவர் மைதானத்துக்கு ஓடி வரவில்லை. நேராக ஆபீஸ் வராந்தாவுக்கு ஓடி, தொங்கிக் கொண்டிருந்த தண்டவாளத் துண்டை இரும்புக் கம்பியால் அடித்தார். விடாமல் அடித்தார். அது வீட்டு மணி. அதைக் கேட்டால் எந்தப் பிள்ளையும் பையை எடுக்க வகுப்புக்குத்தான் ஓடும். வெளிவட்டத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள். பிறகு அவர்களுக்கு உள்ளே இருந்தவர்கள். வாய்க்கால் மடையைத் திறந்த மாதிரி கூட்டம் வகுப்பறைகளின் பக்கம் வடிந்தது. ஐம்பது எண்ணுவதற்குள் மைதானம் காலியானது. செருப்புகள் மட்டும் கிடந்தன.

செருப்புகளும், திட்டின்மேல் குப்புறக் கிடந்த ஒரு சின்னப் பெண்ணும்.

ஆறாம் வகுப்பு. எனக்கு முகம் மட்டும் தெரியும், பாடம் எடுத்ததில்லை. பக்கத்தில் தண்ணீர் பாட்டில் நசுங்கிக் கிடந்தது. ஒரு கை கம்பத்தைத் தொட்டபடியே இருந்தது. புரட்டினேன். உதடு நீலம். மூச்சு இல்லை. எத்தனையோ முதலுதவி வகுப்பில் கையெழுத்துப் போட்டு டீ குடித்துவிட்டு வந்தவள் நான். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. சமையல்கார அக்கா வந்து என்னைத் தள்ளிவிட்டு, அவளுடைய தாடையைத் தூக்கி, வாயில் வாய் வைத்து ஊதினார். மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ அவள் உடம்பு தூக்கிப் போட்டது. ஒரு இருமல். அந்த இருமலைப்போல இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. அதைக் கேட்டதும் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தலைமை ஆசிரியை தன் காரை எடுத்தார். பின்சீட்டில் அவளை மடியில் போட்டுக்கொண்டேன். புதுக்கோட்டை வரும்வரை அவள் மூச்சை எண்ணிக் கொண்டே வந்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் உயிர் போய் உயிர் வந்தது. என் உயிரைச் சொல்கிறேன். காரை ஓட்டிக்கொண்டே தலைமை ஆசிரியை பேசினார்.

"டீச்சர், நல்லாக் கேட்டுக்கங்க. புள்ளைக ஓடிப் புடிச்சு வெளையாண்டுச்சுக. தவறி விழுந்துருச்சு. அம்புட்டுத்தான். விசிலு கிசிலுன்னு யார்கிட்டயும் வாயத் தொறக்காதீங்க."

நான் அடுத்த மூச்சை எண்ணினேன்.

தோளில் காறை எலும்பு முறிவு, விலா எலும்பு இரண்டு, நுரையீரலில் அடி. ஆக்ஸிஜன் வைத்தார்கள். இரண்டு மூன்று நாள் போனால்தான் எதையும் சொல்ல முடியும் என்றார் டாக்டர். அவள் அம்மா கடலைக்கொல்லையிலிருந்து அப்படியே வந்தார், கால் முழுக்கச் செம்மண். கணவர் வெளிநாட்டில், வீட்டில் வேறு ஆள் இல்லை. படுக்கையில் மகளைப் பார்த்ததும் அவர் அழவில்லை. என் கையைப் பிடித்துக் கொண்டார்.

"டீச்சர், நீங்கதான் தூக்கிட்டு வந்தீங்களாம். நீங்க நல்லா இருக்கணும்."

என் சேலையில் அவருடைய மகளின் எச்சிலும் ரத்தமும் இருந்தன. அதைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னார். நான் வாயைத் திறந்தேன். உண்மையாகவே திறந்தேன். வேலை போய்விடும், போலீஸ் வரும், பேப்பரில் போடுவார்கள், என் பிள்ளைகள் தலைகுனிந்து நடக்கும் என்று எல்லாம் ஒரே நேரத்தில் முன்னால் வந்து நின்றன. "ஒண்ணும் ஆகாதும்மா" என்று சொன்னேன்.

சனி, ஞாயிறு, திங்கள். மூன்று நாளும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இட்லி கட்டிக்கொண்டு போவேன், ஃபிளாஸ்க்கில் பால் கொண்டு போவேன். போகாமல் இருந்தால் பயம், போனால் அதைவிடப் பயம். அந்தப் பெண் கண்ணைத் திறந்தால் முதலில் எதைச் சொல்வாளோ என்று அவள் முகத்தையே பார்த்துக் கொண்டிருப்பேன். அவள் பிழைக்க வேண்டும் என்றுதான் வேண்டினேன். ஆனால் பேசாமல் இருக்கட்டும் என்று ஒரு மூலையில் வேண்டினேனா என்று கேட்டால், ஆமாம், வேண்டினேன். அதை எழுதும்போது இப்போதும் கை கூசுகிறது.

அந்த அம்மா என்னை விடவே மாட்டார். போனில் கணவருக்கு என் முகத்தைக் காட்டினார். "இவங்கதாங்க டீச்சர். தெனமும் வாராங்க." பாலைவன வெயிலில் கறுத்த ஒரு முகம் அந்தப் பக்கத்திலிருந்து கையெடுத்துக் கும்பிட்டது. நானும் கும்பிட்டேன். "நீங்க வந்தாத்தான் டீச்சர் எனக்கே மூச்சு வருது" என்பார் அந்த அம்மா. என் தோளில் சாய்ந்து ஒரு மணி நேரம் தூங்குவார். அந்த ஒரு மணி நேரமும் நான் அசையாமல் உட்கார்ந்திருப்பேன். திங்கட்கிழமை தூக்கத்திலிருந்து எழுந்தவர், "எம்மக கொஞ்சம் துடுக்கு டீச்சர். சொன்ன பேச்சுக் கேட்டு ஒழுங்கா நின்னிருந்தா இப்புடி ஆயிருக்குமா? அதுக்காக டீ.சி.யக் குடுத்துராதீங்க" என்றார். பள்ளியிலிருந்து போனில் அவருக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள்.

பள்ளியிலும் நிம்மதியில்லை. கேள்வி கேட்ட பெண் என் கண்ணைப் பார்க்காமல் வந்து, "நான் அதக் கேட்டிருக்கவே கூடாது டீச்சர்" என்றாள். கேட்டதில் தப்பே இல்லை, நான் செய்ததில்தான் தப்பு என்று அவளிடம் மட்டும் சொன்னேன். அவள் தலையாட்டினாள். கரும்பலகையில் என் வட்டமும் அம்புக்குறிகளும் இன்னும் அழிக்கப்படாமல் இருந்தன. நட்சத்திரம் சாகிற பாடத்தில் சரிவு, அதாவது தனக்குள்ளேயே விழுந்து மூடிக்கொள்வது, என்று ஒரு சொல் வரும். பதினாறு வருடமாக எத்தனை தடவை எழுதியிருப்பேன். பாடத்துச் சரிவுக்குள்ளே யாரும் இருப்பதில்லை. டஸ்டரை எடுத்தேன், அழிக்காமலே மேசையில் வைத்தேன், கேள்வி கேட்டவளே எழுந்து வந்து அழித்தாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் போனபோது மூக்கிலிருந்த குழாயை எடுத்திருந்தார்கள். சின்னவள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அம்மா முகத்தில் வெளிச்சம். "பாருங்க டீச்சர், கஞ்சி குடிச்சுருச்சு!" என்று என் கையைப் பிடித்தார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். பார்த்ததும் முகம் சுருங்கியது. எழுந்து நிற்கப் பார்த்தாள், வலியில் அப்படியே உட்கார்ந்தாள். என்னைக் கண்டு பயப்படுகிறாள் என்று புரிந்தது.

"டீச்சர்," என்றாள். குரல் காற்றாகத்தான் வந்தது. "நாந்தான் டீச்சர் மொதல்ல தொட்டேன். மத்தவங்களக் கேட்டுப் பாருங்க. என்னைய ரவுண்டு ஓடச் சொல்லாதீங்க டீச்சர்."

அம்மா சிரித்தார். "என்ன புள்ள ஒளறுற? யாரு ஒன்னைய ஓடச் சொன்னா?"

"விசிலு ஊதுனாங்கல்ல."

மற்றொரு கையால் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக் கொண்டேன். இதற்குமேல் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. தைரியம் வந்ததென்று சொல்ல மாட்டேன். அந்தப் பிள்ளை தன்னிடம் தப்பில்லை என்று என்னிடம் மன்றாடுவதைக் கேட்டுக்கொண்டு நிற்கிற பயம், வேலை போகிற பயத்தைவிடப் பெரிதாகிவிட்டது.

"அன்னைக்கு விசில் ஊதுனது நான்தாம்மா," என்றேன். "ஓடிப் புடிச்செல்லாம் வெளையாடலை. பெரிய பிள்ளைகளை வச்சு நான்தான் ஒரு பாடம் நடத்துனேன். நெரிசல் ஆயிருச்சு. நிறுத்தணும்னு ஊதுனேன். அந்த விசிலுக்கு ஓடி வரணும்னுதான் இவங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கு. உங்க மக துடுக்குத்தனம் பண்ணலை. சொன்ன பேச்சைக் கேட்டுத்தான் ஓடி வந்தா. மூச்சு குடுத்துக் காப்பாத்துனதும் நான் இல்ல, சமையல்கார அக்கா."

அந்த அம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"சார்தான ஊதுவாரு?"

"சார் அன்னைக்கு இல்லை."

"எத்தன தடவ ஊதுனீங்க?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "நாலஞ்சு தடவ இருக்கும். சரியாத் தெரியலை."

அவர் மகளைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். அதுவரை அவர் என் கையைப் பிடித்துக் கொண்டுதான் இருந்தார். மெதுவாக விட்டார்.

"இத்தன நாளும் பக்கத்துலயே ஒக்காந்திருந்தீங்களே டீச்சர்."

"பயமா இருந்துச்சும்மா."

"எனக்குந்தான் பயமா இருந்துச்சு. நீங்க இருக்கீங்கன்னுதான் தாங்கிக்கிட்டுக் கெடந்தேன்." போர்வையை இழுத்து மகளின் காலை மூடினார். "வெளிய இருங்க டீச்சர். புள்ளைக்குத் துணி மாத்தணும்."

வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு மூடியது. சாயங்காலம்வரை திறக்கவில்லை.

மறுநாள் நடந்ததை நடந்தபடி எழுதித் தலைமை ஆசிரியையிடம் கொடுத்தேன். அவர் என்னிடம் கோபப்பட்டார், பிறகு அழுதார். விசாரணை வந்தது, தண்டனையும் வந்தது. அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, கிடைக்க வேண்டியதுதான் கிடைத்தது. உடற்பயிற்சி ஆசிரியர் விசிலை மேசையில் வைத்துவிட்டு, "கடைசியா வர்றவன் ஓடணும்னு வச்சது நான்தான டீச்சர்" என்றார். அதற்கப்புறம் அவர் அதைத் தொடவில்லை.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண் பள்ளிக்கு வந்தாள், கழுத்தில் கட்டிய துணியில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு. அம்மா வாசல்வரை கூட வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இன்னைக்கு விசிலு யாரு ஊதுவாங்க டீச்சர்?"

"இனிமே விசிலே கெடையாதும்மா. பெல்லு மட்டுந்தான்."

"சரிங்க டீச்சர்."

போய்விட்டார் என்று நினைத்தேன். மூன்றாவது பீரியடில் ஜன்னல் வழியே பார்த்தபோது வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். கண் மைதானத்திலேயே இருந்தது. கடலை பறிக்கிற நேரம், அன்றைய வேலையை விட்டுவிட்டு நிற்கிறார். சாப்பாட்டு நேரத்தில் நிழல் நகர்ந்து வெயிலில் நின்றார். நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன்.

"எதுக்கும்மா நிக்கிறீங்க? நாங்க பாத்துக்கிறோம்."

தண்ணீரை வாங்கிக் குடித்தார். சொம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

"நீங்க போயிப் பாடம் எடுங்க டீச்சர். நான் இங்கிட்டே நிக்கிறேன்."

வீட்டு மணி அடிக்கும்வரை நின்றார். மறுநாளும் வந்து நின்றார்.